பழுதுபார்க்கத் தெரியாத கொல்லன்

அன்புள்ள அண்ணன்,

லாஸ்பேட்டையிலிருந்து எழுதுகிறேன், வயது இருபத்தாறு. நீங்கள் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை ஆடியதாக எப்போதோ ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதன் பழைய பதிப்பை நானும் நண்பர்களும் இப்போதுதான் தொடங்கப்போகிறோம். தூரத்தில் நின்று மந்திரம் போடுவது எனக்குப் பிடிக்காது, கிட்டே போய் அடிக்க வேண்டும். எந்தப் பாத்திரத்தை எடுப்பது, வாரியரா, ரோக்கா, பலாடினா? அந்தப் பாத்திரத்துக்குக் கைத்தொழிலில் பிரதானமாக இரண்டுதான் எடுக்க முடியுமாம். எனக்குக் கல் உடைக்கிற மைனிங்கும் கொல்லுவேலையான பிளாக்ஸ்மித்திங்கும் ஆசை. நண்பர்கள் சிரிக்கிறார்கள். கொல்லுவேலை காசைத் தின்னும், மைனிங்கோடு தோல் உரிக்கிற ஸ்கின்னிங் எடுத்துக் கல்லையும் தோலையும் விற்றால் மணிக்கு இவ்வளவு தங்கம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். நகை செய்யும் தொழிலும் உண்டாமே? பதினோரு வீடியோ பார்த்தேன், குழப்பம்தான் கூடியது. அப்பா வேறு தினமும் திட்டுகிறார். இது நேர விரயமா என்றும் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், லாஸ்பேட்டை

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் வந்தபோது நான் மொட்டைமாடியில் உட்கார்ந்து, கையால் சுற்றுகிற ஒரு பழைய துருத்திச் சக்கரத்தில் துரு தேய்த்துக்கொண்டிருந்தேன். இந்த வாரம் முழுக்கத் தலைக்குள் கொல்லுப்பட்டறைதான். அதனால்தான் உடனே பதில், இல்லையென்றால் உன் கடிதமும் மற்றவற்றோடு மூன்று மாதம் தூங்கியிருக்கும்.

சின்ன விஷயங்களை முதலில் தள்ளிவிடுவோம். நேர விரயமா என்றால், ஆமாம். அந்தப் பழைய பதிப்பு 2019 ஆகஸ்டில் திரும்ப வந்ததும் சேர்ந்தேன், அடுத்த வருடம் ஊரடங்கில் வீட்டுக்குள் கிடந்த மாதங்களை அதிலேயே கரைத்தேன், வருத்தமில்லை. அப்பா திட்டுவது அப்பாவின் உரிமை, கரண்ட் பில்லில் பாதியை நீ கட்டு, சத்தம் குறையும். நகைத்தொழில் நீ ஆடப்போகிற பதிப்பில் கிடையாது, அது 2007ல் வந்த அடுத்த பாகத்தில்தான் சேர்ந்தது. மணி கோக்கிற ஆசை இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு அரிக்கமேடு வரைக்கும் போய்விட்டு வா, கண்ணாடி மணியும் கல்மணியும் செய்து கடல் தாண்டி வியாபாரம் பண்ணின மண் உன் வீட்டிலிருந்து ஒரு டீ குடிக்கிற தூரம்.

ஆனால் பதினோரு வீடியோ? தம்பி, ஒருமுறைகூட உள்ளே போகாமல் பதினோரு பேர் ஆடியதைப் பார்த்திருக்கிறாய். பெண் பார்க்கப் போகாமலே ஜாதகத்தைப் பதினோரு ஜோசியரிடம் காட்டுகிற கதை. எது பெஸ்ட் என்று கேட்டுக்கொண்டே முதல் லெவலில் முதல் அடி வாங்குகிற சுகத்தைத் தொலைத்துவிடுவாய், அது ஒரு தடவைதான் கிடைக்கும்.

ரோக்குக்குச் சக்தி முழுசாக நிரம்பியிருக்கும், செலவழிப்பான், சில நொடியில் மறுபடி ஊறும், பதுங்கிப் போவான், பின்னாலிருந்து குத்துவான். பலாடின் சீக்கிரத்தில் சாக மாட்டான், எதிரியும் சீக்கிரத்தில் சாக மாட்டான், இடையில் நீ ஒரு வாழைப்பழம் உரித்துச் சாப்பிடலாம். வாரியர் ஏறக்குறைய சக்தியே இல்லாமல் சண்டைக்குள் போகிறவன், அவன் சக்திக்கு ரேஜ் என்று பெயர். அடித்தால் ரேஜ் ஏறும், அடி வாங்கினாலும் ஏறும், சண்டை முடிந்து சும்மா நின்றால் வடிந்துவிடும். ஆரம்பத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்தால் செத்தாய். அவனுக்குக் கையில் இருக்கிற ஆயுதம்தான் எல்லாம், இரண்டு லெவல் பழைய கத்தியை வைத்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு அடியிலும் தெரியும். கிட்டே போய் அடிக்க வேண்டும் என்று நீ எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் உனக்கு வாரியர்தான். இதில் பேச இனி ஒன்றுமில்லை.

பேச வேண்டியது அந்தத் தொழிலைப் பற்றி. உன் நண்பர்கள் போட்ட கணக்கு சரிதான், அதை நான் மறுக்க மாட்டேன். அந்த விளையாட்டில் பிளாக்ஸ்மித்திங்கை உச்சமான 300 புள்ளி வரை ஏற்ற வேண்டுமென்றால் எவனுக்கும் வேண்டாத செப்பு பெல்ட்டை டஜன் கணக்கில் அடித்து, கடைக்காரனிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ள வேண்டும். ஒரு பொருளைச் செய்யத் தொடங்கும்போது அதன் பெயர் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், செய்தால் நிச்சயம் கை ஏறும். அப்புறம் மஞ்சள், பச்சை, கடைசியில் சாம்பல். சாம்பல் ஆகிவிட்டால் எத்தனை ஆயிரம் செய்தாலும் ஒரு புள்ளி ஏறாது. (வெண்கலத்துக்குச் செம்பும் வெள்ளீயமும் பாதிக்குப் பாதி போடச் சொல்வார்கள். நிஜத்தில் அப்படி வார்த்தால் கீழே போட்டதும் உடையும், கோயில் மணிக்கே வெள்ளீயம் ஐந்தில் ஒரு பங்குதான். சரி, விளையாட்டுதானே.)

இதெல்லாம் என் குறை இல்லை. என் குறை வேறு. அங்கே ஒரு தடவை செத்தால், போட்டிருக்கிற ஒவ்வொரு சாமானும் பத்து சதவீதம் தேயும். கிட்டே நின்று அடி வாங்குகிறவனுக்கு அடியிலேயும் தேயும். தேய்ந்துபோன கத்தியை என்ன செய்வார்கள் தெரியுமா? ஊருக்குள் விளையாட்டே நிறுத்திவைத்திருக்கிற ஏதோ ஒரு பொம்மை மாதிரிக் கடைக்காரனிடம் போய் ஒரு பட்டனை அமுக்க வேண்டும், காசு போகும், கத்தி புதுசாகிவிடும். 300 வரை ஏறி, உலகத்தின் சிறந்த கோடாலியை அடிக்கத் தெரிந்த கொல்லன் பக்கத்திலேயே நிற்பான், அவனால் நண்பனுடைய ஒரு சின்னக் கத்தியைக்கூடப் பழுதுபார்த்துக் கொடுக்க முடியாது! சாணைக்கல் செய்து தருவான், அதை வாங்கி நீயே தேய்த்துக்கொள்ளலாம், அரை மணி நேரம் கொஞ்சம் கூடுதலாக வெட்டும். அவ்வளவுதான். பூட்டின பெட்டியைத் திறந்துகொடுத்து டிப்ஸ் வாங்குகிற ரோக்குக்கு இருக்கிற ஊர்த்தொடர்புகூட இவனுக்கு இல்லை.

என் தாய்மாமாவுக்கு நெல்லிக்குப்பம் பக்கத்தில் பட்டறை. கரும்பு வெட்டுகிற கத்தி, அருவாள், மண்வெட்டி, கடப்பாரைக்கு முனை அடிப்பது, இதுதான் வேலை. புதுசாக அடிப்பது வாரத்துக்கு ஒன்றிரண்டு இருந்தால் பெரிது, அதுவும் லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டித்தான். மிச்சமெல்லாம் காய்ச்சித் தட்டுகிற வேலை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. நீ அப்போது பள்ளிக்கூடப் பையன், லீவு விட்டது மட்டும் ஞாபகம் இருக்கலாம். பண்ருட்டிப் பக்கம் தாத்தா காலத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. ரோடு தெரியவில்லை. பக்கத்திலேயே நெய்வேலி, ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற மாவட்டம், எங்களுக்கு இருட்டு. மோட்டாரில் ஓடுகிற சாணைக்கடை ஒன்றும் திறக்கவில்லை. மாமாவின் பட்டறையிலும் அப்போது மோட்டார்த் துருத்திதான். அவர் பரணில் ஏறி இந்தச் சக்கரத்தை இறக்கினார், என்னைச் சுற்றச் சொன்னார்.

பத்து நாள் சுற்றினேன். மரம் வெட்டி வெட்டி மழுங்கிப்போன அருவாளும் கோடாலியும் மூட்டை மூட்டையாக வந்தன. மாமா ஒவ்வொன்றையும் உலையில் வைப்பதற்கு முன்னால் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இவன் இடதுகைக்காரன், தேஞ்சிருக்கிற பக்கத்தைப் பாரு." "இது பொம்பளை கை, நுனியிலேயே வேலை பண்ணியிருக்கு." சிவக்கக் காய்ச்சி, பட்டடையில் வைத்து வாயை மெல்லிசாகத் தட்டி, மறுபடி காய்ச்சி, வாயை மட்டும் தண்ணீரில் முக்கி எடுப்பார். செங்கல் துண்டால் ஒரு இழுப்பு, இரும்பு வெள்ளையாகத் தெரியும். அப்புறம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். முதுகில் இருக்கிற சூடு வாய்ப்பக்கம் இறங்கி வரும், முதலில் வைக்கோல் நிறம், அதற்குப் பின்னால் பழுப்பு, அதற்கும் பின்னால் மயில்கழுத்து. எந்த நிறம் வாயைத் தொடும்போது மறுபடி முக்க வேண்டும் என்பது கோடாலிக்கு ஒன்று, அருவாளுக்கு ஒன்று. ஒரு மூச்சு முந்தினால் பல் உதிரும், பிந்தினால் மழுங்கும். ஒரு தடவை நான் பேச்சுக் கொடுத்ததில் ஒரு கோடாலி பிந்திவிட்டது. திட்டவில்லை, திரும்ப உலையில் வைத்தார், எனக்கு அன்றைக்கு டீ மட்டும் கிடையாது.

மூன்றாம் நாள் நான் உன் நண்பர்கள் மாதிரி ஒரு கணக்குப் போட்டேன். மாமா, இப்போது ஊருக்கே கோடாலி தேவை, பழுதை நிறுத்திவிட்டுப் புதுசு அடித்து விற்றால் ஒரு வருடத்துக் காசை ஒரு வாரத்தில் பார்க்கலாம். அவர் சம்மட்டியைக் கீழே வைத்தார். "டேய், மரம் விழுந்தவன்கிட்டயா புதுசு வாங்கச் சொல்ற? அவன் கைக்குப் பழகினது இது. நீ புதுசு குடுத்தா அவன் கையைத்தான் வெட்டிக்குவான். சுத்துடா." பல பேரிடம் காசே வாங்கவில்லை, விழுந்த முந்திரியை விறகாக்கிக் கொண்டுவந்து போட்டார்கள், பட்டறைக்குப் பின்னால் கூரை உயரத்துக்குக் கிடந்தது.

அந்த விளையாட்டின் கணக்குப்படி பார்த்தால் மாமா நாற்பது வருடமாகச் சாம்பல் நிற வேலையைத்தான் செய்கிறார். ஒரு புள்ளி ஏறியிருக்கக் கூடாது. இடதுகைக்காரன் அருவாளை எங்கே பார்த்துக் கண்டுபிடித்தார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இதை அந்த விளையாட்டைச் செய்தவர்களிடம் கேட்க ஆசைதான். தேய்மானத்தை வைக்கத் தெரிந்தவர்களுக்கு, அதைப் பார்க்க ஒரு கொல்லனை வைக்கத் தோன்றவில்லை. பட்டன்!

இந்தச் சக்கரத்தைப் பத்து வருடத்துக்கு முன்னால் மாமாவிடம் கெஞ்சி வாங்கிவந்து, வார்னிஷ் அடித்து, கூடத்தில் அலங்காரத்துக்கு வைத்திருந்தவன் நான்தான், அதனால் ரொம்பவும் துள்ளக் கூடாது. போன வாரம் அவருடைய மோட்டார் புகைந்துவிட்டது. போன் பண்ணினார். "அந்த பொம்மையைத் திரும்பக் கொண்டா." இப்போது எழுபத்து நான்கு வயது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் உலை மூட்டுகிறார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மைனிங், பிளாக்ஸ்மித்திங் இரண்டையும் எடு. காசு போகும், போகட்டும், நண்பர்கள் சிரிக்கட்டும். மலையடிவாரமாகப் போனால் செம்புக்கல் கிடைக்கும், சின்ன வரைபடத்தில் மஞ்சள் புள்ளியாகத் தெரியும். கல் உடைக்கிற குந்தாலியைப் பையில் போட்டுக்கொள், நான் மறந்துபோய்ப் பாதிக் காடு திரும்ப நடந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வர முடிந்தால் கடலூர் பஸ் ஏறு, பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கிறேன். வீட்டில் அம்மாவின் அரிவாள்மனை மழுங்கியிருந்தால் கேட்டு எடுத்துவா, பஸ்ஸில் காகிதம் சுற்றி வை.