கையை எடுத்தாலும் ஒரு கார்ட்

கேள்வி: அண்ணாச்சி, நான்கு தந்தி உள்ள குட்டி கிட்டார் மாதிரியான யுகுலேலே வாங்கி எட்டு மாதம் ஆகிறது. சி, எஃப், ஜி, ஏ மைனர், டி மைனர் கார்டெல்லாம் (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் பிடிகள்) வந்துவிட்டன. சர்ச் பாட்டுத்தாளில் டி மைனர் செவன் என்று இருக்கும் இடத்தில் வெறும் டி மைனரைப் போட்டு ஒப்பேற்றுகிறேன். தப்பா? அந்த ஏழு எதைச் சொல்கிறது?
வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தப்பில்லை. டி மைனரின் மூன்று ஸ்வரமும் அதற்குள் இருப்பதால் பாட்டு கெடாது, கொஞ்சம் வெறிச்சென்று கேட்கும். ஆனால் ஒன்று தெரியுமா, எட்டு மாதமாக நீங்கள் ஒரு மைனர் செவனை வாசித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சுருதி சேர்த்து முடித்ததும் இடது கை எங்கேயும் படாமல் ஒரு தட்டு தட்டிப் பார்ப்பீர்களே, ஜி, சி, இ, ஏ என்று, அதுதான் ஏ மைனர் செவன்.

இப்போது ஏ மைனர் பிடியுங்கள். ஜி தந்தியின் 2-வது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே போட்ட கம்பிகள் பிரிக்கும் கட்டம்) ஒரே விரல். தட்டுங்கள். விரலை 1-க்கு இறக்கித் தட்டினால் பேய்ப்படத்தில் கதவு திறக்கிற மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள். அப்புறம் விரலை எடுத்துவிட்டுத் தட்டுங்கள். மற்ற மூன்று தந்தியும் அசையவே இல்லை, ஒரே ஒரு ஸ்வரம் ஏ-யிலிருந்து ஜி ஷார்ப் வழியாக ஜி-க்கு இறங்கியிருக்கிறது. ஏ-யை ஒன்று என்று வைத்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி என்று எண்ணுங்கள், ஜி ஏழாவது. நீங்கள் கேட்ட ஏழு அதுதான். மைனர் என்பது மூன்றாவது ஸ்வரத்தைப் பற்றிய பேச்சு: சி தந்தியின் 1-வது ஃப்ரெட்டை மட்டும் அழுத்தினால் சி போய் சி ஷார்ப் வந்துவிடும், கார்டும் வெறும் ஏ செவன் ஆகிவிடும். பாட்டு கற்றவர்களுக்குச் சொல்வதானால் ஸ, சாதாரண காந்தாரம், ப, கைசிகி நிஷாதம்.

சரி, டி மைனர் செவன். டி மைனர் பிடியைக் கலைக்காமல் ஏ தந்தியின் 3-வது ஃப்ரெட்டில் சுண்டுவிரலை வையுங்கள். முதல் வாரம் அது முறைக்கும். உங்கள் தாளில் அடுத்து ஜி செவனும் சி-யும் வந்தால் (பெரும்பாலும் வரும்) சி, இ தந்திகளில் இருக்கும் விரல்கள் அப்படியே இருக்கட்டும், ஜி தந்தியை மட்டும் விட்டுவிட்டு சுண்டுவிரலை 2-க்கு இறக்கினால் ஜி செவன், பிறகு எல்லாவற்றையும் விட்டு ஏ தந்தியில் மறுபடி 3 என்றால் சி. அந்த ஒரு தந்தியில் மட்டும் 3, 2, 3 என்று ஒரு சின்னப் பாட்டு ஓடுகிறது பாருங்கள், வெறும் டி மைனர் போட்டால் அது கிடைக்காது. ஒப்பேற்றலாம் என்று சொன்னாலும் இதற்காகவாவது சுண்டுவிரலை வேலை வாங்குங்கள்.

கேள்வி: கீபோர்டு வாசிக்கிற நண்பன் திறந்த தந்திகளை சி சிக்ஸ் என்கிறான். நான் ஏ மைனர் செவன் என்றேன். யார் சரி?
வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இரண்டு பேரும். போனில் தம்புரா ஆப் இருந்தால் சுருதியை சி-யில் வைத்து நான்கு தந்தியையும் மெதுவாக மீட்டுங்கள், பிறகு ஏ-யில் வைத்து மீட்டுங்கள். முதலில் கேட்பது ஸ, க, ப, த, அதாவது ரிஷபம் இல்லாத மோகனம். அடுத்தது ஸ, க, ப, நி, மத்தியமம் இல்லாத சுத்த தன்யாசி. மோகனத்தின் தைவதத்தை ஸ ஆக்கினால் சுத்த தன்யாசி வரும் என்று கிரக பேதத்தில் படிப்போமே, அதே கதை. இரண்டிலும் விட்டுப்போனது ஒரே டி என்பது எனக்கு இன்னும் அலுக்காத வேடிக்கை. கீபோர்டில் இடது கை அடியில் எதை அழுத்துகிறதோ அது ஸ ஆகிவிடும். யுகுலேலேயில் மேலே இருக்கும் ஜி தந்தியே சி-யைவிட உயரமான சுருதி, அடித்தளம் போட ஆளில்லை. அதனால் கூட வாசிக்கிறவர்தான் பெயரை முடிவு செய்கிறார். உங்கள் நண்பன் இடது கையை எடுக்கட்டும், சண்டை தீரும்.

கேள்வி: பி மைனர் செவனுக்கு 2-வது ஃப்ரெட்டில் நான்கையும் ஒரே விரலால் அழுத்தினால் இரண்டு தந்தி ஊமையாகிறது.
வாசகர், வள்ளியூர்

பதில்: அங்கே தொடங்காதீர்கள். 5-ல் அழுத்திப் பாருங்கள், தந்தி அங்கே இளகிக் கொடுக்கும், அதுவும் ஒரு டி மைனர் செவன்தான். 7 என்றால் இ மைனர் செவன், 3 என்றால் சி மைனர் செவன். ஆள்காட்டி விரலைத் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கம் லேசாகச் சாய்த்து, ஃப்ரெட் கம்பியை ஒட்டி அழுத்துங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு ஃப்ரெட் கீழே இறங்கலாம். 3 வரைக்கும் நன்றாக வந்து 2-ல் மட்டும் அடம்பிடித்தால் விரலைச் சந்தேகப்படாதீர்கள், நட்டைப் பாருங்கள், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் பள்ளத்தில் தங்கும் சின்னப் பட்டையை. என் முதல் யுகுலேலேயில் நட்டில் தந்தி உயரமாக நின்றது, அது தெரியாமல் மூன்று மாதம் என் விரலைத் திட்டிக்கொண்டிருந்தேன். டவுனில் வீணை பழுது பார்க்கிற பெரியவர் ஒருவர் பள்ளங்களை அரம் வைத்து ராவிக் கொடுத்தார், அன்று சாயங்காலமே நான்கு தந்தியும் பேசின.