கால்வாய்ச் சுரங்கத்தில் படகு விளக்கு: கேள்வி பதில்

இங்கிலாந்துக் கால்வாய்களில் நேரோபோட் (குறுகலான நீளப் படகு) ஓட்டுவோர் கேட்டவை.

கேள்வி: முன்விளக்கை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது?

பதில்: நேராக வேண்டாம். சற்று மேலே, சற்று வலப்பக்கம். இருவழிச் சுரங்கத்தில் எல்லோரும் வலப்புறம் ஒதுங்கிப் போகிறார்கள். எதிரே வருபவர் உங்கள் இடப்பக்கம் கடப்பார். வலச்சுவர் வளைந்து கூரையாகிற இடத்தில் வெளிச்சம் விழுந்தால் அவர் கண் கூசாது. உங்களுக்கும் அதுவே நல்லது. விளக்கு படகின் மூக்கில் இருக்கிறது, நீங்களோ 15, 18 மீட்டர் பின்னால் சுக்கானருகே நிற்கிறீர்கள். விளக்கைத் தண்ணீரை நோக்கி இறக்கினால், வெளிச்சம் விழும் இடத்தை உங்கள் படகே மறைத்துவிடும்.

சரிபார்க்க, இருட்டிய பிறகு படகைக் கரையில் கட்டிவிட்டு, கரைப்பாதை இடப்பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் 50 மீட்டர் முன்னால் போய் நின்று விளக்கைப் பார்க்கட்டும். அவருக்குக் கண் கூசினால் இன்னும் வலப்புறம் திருப்பி, திருகை இறுக்குங்கள்.

கேள்வி: எதிரே படகு வந்தால் விளக்கை அணைத்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. நீங்கள் இருப்பது அவருக்குத் தெரிய வேண்டும். வேகத்தைக் குறையுங்கள், ஆனால் நியூட்ரலுக்குப் போகாதீர்கள். புரொப்பெல்லர் தள்ளும் நீர் இல்லாமல் சுக்கான் சரியாக வேலை செய்யாது. சுவரை நெருங்கிவிட்டோமே என்று சுக்கானைச் சட்டென்று ஒடித்தால், மூக்கோடு விளக்கும் திரும்பி எதிராளி முகத்தில் அடிக்கும். சின்னச் சின்னத் திருத்தமாகச் செய்யுங்கள். பிளிஸ்வொர்த் போல 2,813 மீட்டர் நீளும் சுரங்கத்தில் எதிர் விளக்கு எவ்வளவு தூரம் என்று கணிக்கவே முடியாது. தொலைவில்தானே என்று நம்பி நடுவில் ஓட்டாதீர்கள். பிரான்ஸ்டன் என்ற இடத்தில் சுரங்கமே அங்கங்கே வளைந்திருப்பதால், மறைந்திருந்த விளக்கு திடீரென்று முன்னால் நிற்கும்.

கேள்வி: பழைய 55 வாட் ஹாலோஜன் விளக்கு மங்கலாக இருக்கிறது. பெரிய எல்இடி பார் (நீளப் பட்டை விளக்கு) போடட்டுமா?

பதில்: முதலில் வயரைப் பாருங்கள். 55 வாட் என்றால் 12 வோல்ட்டில் சுமார் 4.6 ஆம்பியர். போகவர 36 மீட்டர் ஓடும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஏறக்குறைய 1.2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு அரை வோல்ட்தான். எல்இடி வாங்கினாலும் குறுகிய கற்றை விழுவதாக வாங்குங்கள். பார் வகை வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் இறைக்கும். உங்கள் முன்தளத்தின் வெள்ளைப் பெயின்ட்டில் பட்டு உங்கள் கண்ணையே மறைக்கும். எதிரே வருபவர் பாடு சொல்லவே வேண்டாம்.

கேள்வி: ஹேர்காஸ்டல் சுரங்கம் ஒருவழிதானே, அங்கேயும் இந்தக் கவலையா?

பதில்: எதிரே யாரும் வரமாட்டார்கள், ஆனால் முன்னால் போகிறவர் இருக்கிறார். உங்கள் விளக்கு நேராக இருந்தால், அவர் முதுகில் பட்டு அவருடைய நிழலே அவர் பார்க்கும் சுவரில் விழும். இடைவெளி விடுங்கள்.

கேள்வி: கேபின் விளக்குகள்?

பதில்: போடுங்கள், திரைச்சீலையை விலக்கிவிட்டு. பக்கச் சுவர் மெல்லத் தெரியும், இடைவெளியை அளக்க அதைவிட நல்ல வழி இல்லை. சுக்கான் பக்கத்துக் கதவு வழியே வரும் வெளிச்சத்தை மட்டும் மறையுங்கள், இல்லாவிட்டால் கண் இருட்டுக்குப் பழகாது. பின்பக்க ஸ்பாட் விளக்கு எதுவும் எரியக் கூடாது.