கார்ட்லெஸ் போனைத் தூக்கிப் போடும் முன்…

கேள்வி: அப்பாவுக்காக மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய கார்ட்லெஸ் போன், இப்போது பத்து நிமிஷம் பேசினாலே பீப் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடுகிறது. ராத்திரி முழுக்க சார்ஜில்தான் இருக்கிறது. கடைக்காரர் புதுசு வாங்கச் சொல்கிறார். வாங்கித்தான் ஆக வேண்டுமா? (திருச்சி வாசகி)

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். மூன்று வருஷம் என்றதுமே எனக்குப் பேட்டரி மேல்தான் சந்தேகம். ஹேண்ட்செட்டின் பின்மூடியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் டிவி ரிமோட்டில் போடுகிற ட்ரிபிள் ஏ அளவில் இரண்டு பேட்டரி இருக்கும். அளவு ஒன்றுதான் என்று ரிமோட் பேட்டரியையே எடுத்துப் போட்டுவிடாதீர்கள், எங்கள் வீட்டிலேயே ஒருவர் அப்படிச் செய்து, அது சூடாகி ஒழுகி, உள்ளே இருந்த ஸ்பிரிங்கெல்லாம் பச்சை பூத்துப்போனது. ரிமோட்டுக்குப் போடுவது 1.5 வோல்ட், திரும்ப சார்ஜ் ஏற்றக் கூடாதது. உங்களுக்கு வேண்டியது 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, உறையிலேயே ‘ரீசார்ஜபிள்’ என்று இருக்கும். பழையதில் எத்தனை எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் தாங்கும் என்ற அளவு) என்று பார்த்து அதே அளவையொட்டி வாங்குங்கள். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒன்று பழசு ஒன்று புதுசு என்றால் பழசு புதுசையும் கெடுத்துவிடும்.

மாற்றியதும் உடனே போன் செய்து பார்க்கத்தான் கை துறுதுறுக்கும். பேஸில், அதாவது ஹேண்ட்செட்டை நிறுத்தி சார்ஜ் ஏற்றும் பெட்டியில், வைத்து ஏழெட்டு மணி நேரம் விட்டுவிடுங்கள், கையேட்டில் அதற்கு மேல் சொல்லியிருந்தால் அதன்படி. அப்புறம் இன்னொன்று: முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம், இப்போது அந்தக் கவலை இல்லை. பேசி முடித்ததும் பேஸிலேயே வைக்கலாம்.

புது பேட்டரி போட்டும் சார்ஜ் ஏறவில்லையா? ஹேண்ட்செட் அடியிலும் பேஸிலும் இருக்கிற உலோகத் தகடுகளைப் பாருங்கள், எண்ணெய்க் கையும் தூசியும் சேர்ந்து படலம் கட்டியிருக்கும். அடாப்டரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்தால் போதும், தண்ணீர் வேண்டாம்.

கேள்வி: பழைய லைனை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டார்கள். இப்போது கார்ட்லெஸில் ஒரே கரகரப்பு, கரண்ட் போனால் போனும் செத்துவிடுகிறது. முன்பு இப்படி இல்லையே? (மதுரை வாசகர்)

பதில்: முன்பு உங்களிடம் வயர் வைத்த போனும் இருந்திருக்க வேண்டும், சரிதானே? அதற்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே செம்புக் கம்பி வழியாக 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது, அதனால் ஊரே இருட்டானாலும் மணி அடிக்கும். ஃபைபரில் மின்சாரம் வராது, வெளிச்சம்தான் வரும். கார்ட்லெஸ் பேஸுக்கோ எப்போதுமே வீட்டுக் கரண்ட்தான். ஆகவே ஃபைபர் பெட்டி, பேஸ் இரண்டையும் இன்வெர்ட்டர் இணைப்புள்ள பாயிண்டில் மாட்டுங்கள். ஒன்றை மட்டும் மாட்டிப் பிரயோஜனமில்லை.

கரகரப்புக்கு வருவோம். பேஸை ஃபைபர் பெட்டி மேலேயே உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், எல்லார் வீட்டிலும் அப்படித்தான். பேஸின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றிருந்தால் வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் ஓடுகின்றன, மோதல் சகஜம். கொஞ்சம் நீளமான டெலிபோன் வயர் வாங்கி, பேஸை ஒன்றிரண்டு மீட்டராவது தள்ளி, சற்று உயரமாக வையுங்கள், பீரோவுக்குப் பின்னால் வேண்டாம். 1.9 கிகாஹெர்ட்ஸ் டெக்ட் வகை (கார்ட்லெஸ் போனுக்கென்றே உள்ள தனி அலைவரிசை) என்றால் வைஃபை மேல் பழி போட முடியாது, வயரையும் சாக்கெட்டையும் சோதியுங்கள்.

கேள்வி: மாடிக்கு இன்னொரு ஹேண்ட்செட் வாங்கலாமா? (சேலம் வாசகி)

பதில்: தாராளமாக, ஆனால் உங்கள் பேஸோடு சேரும் என்று மாடல் எண்ணை வைத்து உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். பல மாடல்களில் பேஸில் உள்ள பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, ஹேண்ட்செட் மெனுவில் பதிவு செய்தால் சேர்ந்துவிடும். பின் நம்பர் கேட்டால் முதலில் 0000 போட்டுப் பாருங்கள்.