தானியங்கி வண்டி மாலையில் மட்டும் தடம் மாறுவது ஏன்?

கேள்வி: பொள்ளாச்சியை அடுத்த கோபாலபுரத்தில், கேரள எல்லையை ஒட்டி, தென்னை நார்க்கழிவுக் கட்டி தயாரிக்கும் கொட்டகை நடத்துகிறோம். கட்டிகளைக் கிடங்குக்குக் கொண்டுசெல்லும் தானியங்கி வண்டியில் ஒரு கேமரா உள்ளது. காலையில் ஒழுங்காக ஓடும் வண்டி மாலையில் தூணை உரசுகிறது. கேமராவை மாற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். படத்தில் தனித்துத் தெரியும் மூலைகளையும் விளிம்புகளையும் தேர்ந்துகொண்டு, அடுத்தடுத்த படங்களில் அவை எவ்வளவு இடம்பெயர்ந்தன என்பதிலிருந்தே மென்பொருள் வண்டியின் நகர்வைக் கணக்கிடுகிறது. இதில் சிறுகச் சிறுகச் சேரும் பிழையை, முன்பே பதிந்துவைத்த வரைபடத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறது. உங்கள் கொட்டகையிலோ, காலையில் பதிந்த கட்டி அடுக்குகள் மாலைக்குள் லாரி ஏறிவிடும். சாய்ந்த வெயில் தரையில் போடும் பட்டைகளின் ஓரங்களையும் மென்பொருள் நிலையான அடையாளமென நம்பிவிடக்கூடும். பாலக்காட்டுக் கணவாய் வழியே மேகம் திரளும் மாதங்களில் வெளிச்சமே நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

ஒற்றைக் கேமராவுக்கு இன்னொரு குறையும் உண்டு: அருகிலுள்ள சிறிய பொருளும் தொலைவிலுள்ள பெரிய பொருளும் அதற்கு ஒன்றே என்பதால், நகர்ந்த தூரத்தை மீட்டரில் சொல்ல அதனால் இயலாது. சக்கரச் சுழற்சி அதை ஈடுசெய்யும் என்றாலும், நார்த்தூள் படிந்த தரையில் சக்கரம் வழுக்கும். 2004இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகள் மணலில் வழுக்கியபோது இரட்டைக் கேமராப் படங்களைக் கொண்டே உண்மையான நகர்வைக் கண்டறிந்தன.

உங்களுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. அசையாத தூண்களில், ஏப்ரல்டேக் எனப்படும் கறுப்பு வெள்ளைக் கட்டக் குறிகளை ஒட்டி, ஒவ்வொன்றின் இடத்தையும் அளந்து மென்பொருளில் பதிந்துவிடுங்கள். குறியின் அளவு தெரிந்ததாகையால் தூரமும் திசையும் ஒரே படத்தில் கிடைத்துவிடும். கறுப்புச் சதுரம் 16 செ.மீ., கேமராவின் குவியத்தூரம் (பொருள் படத்தில் எவ்வளவு பெரிதாக விழும் என்பதைத் தீர்மானிக்கும் லென்ஸ் அளவு) 600 பிக்சல் என்றால், 3 மீட்டரில் அது 32 பிக்சல் அகலத்தில் தெரியும். பக்கத்துக்கு 8 கட்டங்கள் கொண்ட குறியில் கட்டத்துக்கு 4 பிக்சல் போதுமானது, 6 மீட்டரில் கிடைக்கும் 2 பிக்சலை நான் நம்பமாட்டேன். பளபளக்கும் லேமினேஷன் வெயிலில் கண்ணாடியாகிவிடும் என்பதால் மங்கலான தாளே நல்லது. சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். சதுரங்கக் கட்ட அட்டையைக் காட்டிக் கேமராவை அளவீடு செய்வதும் (அதன் குவியத்தூரத்தையும் லென்ஸ் படத்தை வளைக்கும் அளவையும் கண்டறிவதும்), லென்ஸில் படியும் தூளைத் தினமும் துடைப்பதும் அவசியம்.

இவற்றுக்குப் பிறகும் திருப்பங்களில் மட்டும் தவறினால், படத்தை வரிவரியாகப் பதியும் ரோலிங் ஷட்டர் காரணமாக இருக்கலாம். முழுப்படத்தையும் ஒரே கணத்தில் பதியும் குளோபல் ஷட்டர் கேமராவை அப்போது வாங்குங்கள்.