ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சு) இயங்கியதும் அர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) காட்டும் வெப்பநிலை 2 டிகிரி கூடிவிடுகிறது. எல்எம்35 வெப்பநிலை சென்சாரை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். நான் இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டேன், பலனில்லை. கோளாறு சென்சாரில் இல்லை. அது தரும் அளவை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது.

பென்னாகரம் பக்கம் என் சித்தப்பா பட்டுப்புழு வளர்க்கிறார். கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவப் புழுவுக்கு வளர்ப்பு மனையில் 24, 25 டிகிரி இருந்தால் நல்லது. அதற்காக ஓர் அர்டுயினோ ஊனோ பலகை, ஓர் எல்எம்35, மூன்று ரிலே வைத்து ஒரு பெட்டி செய்து கொடுத்தேன். 26-ஐத் தாண்டினால் இரண்டு விசிறிகளும் நீர்த்தெளிப்பானும் ஓடும். 25-க்குக் கீழே இறங்கினால் நிற்கும். முதல் இரவு அவை நிற்கவே இல்லை. விடியற்காலையில் போய்ப் பார்த்தால், சுவரில் தொங்கிய கண்ணாடி வெப்பமானியில் 23.5, என் பெட்டியின் திரையில் 25.4. மல்பெரி இலையெல்லாம் நனைந்து கிடந்தது. அந்தப் பருவத்தில் ஈரம் மிகுந்தால் புழுவுக்கு நோய்தான். "ஏனப்பா, கண்ணாடிக் குழாயை நம்பட்டுமா, உன் பெட்டியை நம்பட்டுமா?" என்று சித்தப்பா கேட்டார். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

மல்ட்டிமீட்டரைப் பலகையின் 5 வோல்ட் முனையில் வைத்தேன். ரிலேக்கள் ஓய்ந்திருந்தபோது 4.98. மூன்றும் 'டக்'கென்று ஒட்டியதும் 4.6. செல்போன் சார்ஜரிலிருந்து நீளமான மெல்லிய கேபிளில் வந்த மின்சாரம் அந்தச் சுமையைத் தாங்கவில்லை.

பலகையில் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி என்பது ஒரு தராசு. ஒரு தட்டில் சென்சாரின் மின்னழுத்தம், மறுதட்டில் படிக்கல்லாக ஒப்பு மின்னழுத்தம். படிக்கல் தேய்ந்துபோனால் அதே புளி கூடுதல் எடை காட்டும் அல்லவா? ஊனோவில் நாம் வேறெதுவும் சொல்லாவிட்டால், பலகைக்கு வரும் அந்த 5 வோல்ட்தான் படிக்கல். 23.5 டிகிரிக்கு எல்எம்35 தருவது 235 மில்லிவோல்ட். 4.6 வோல்ட்டை 1024 பங்காக்கினால் அது 52-ஆம் பங்கில் விழுகிறது. நிரலோ 5 வோல்ட் என்றே நம்பி, 52-ஐ 25.4 டிகிரி என்று கணக்கிடுகிறது. விசிறி ஓடுவதால் அளவு கூடுகிறது. அளவு கூடுவதால் விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது.

நிரலில் ஒப்பு மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் அனலாக்ரெஃபரன்ஸ் (analogReference) கட்டளையில் 'இன்டர்னல்' என்று கொடுங்கள். சில்லுக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் படிக்கல்லாகிவிடும். வெளியே 5 வோல்ட் ஏறி இறங்கினாலும் அது அசையாது. எல்எம்35-க்கு 110 டிகிரி வரை இடமிருக்கிறது. ஒரு படி அரை டிகிரியாக இருந்தது, ஏறத்தாழ 0.1 டிகிரியாக நுணுகிவிடும். ஆனால் 1.1 என்பது பெயரளவுதான். சில்லுக்குச் சில்லு 1.0 முதல் 1.2 வரை மாறும். பலகையில் ஒப்பு மின்னழுத்தத்துக்கான ஏரெஃப் (AREF) முனையில் மீட்டர் வைத்து அளந்து, வந்த எண்ணை நிரலில் எழுதுங்கள். என் பலகையில் 1.083 வந்தது. ஒப்பு மின்னழுத்தத்தை மாற்றியவுடன் வரும் முதல் சில அளவுகளைத் தள்ளிவிடுங்கள்.

இன்னும் துல்லியமான படிக்கல் வேண்டுமென்றால், ஒப்பு மின்னழுத்தம் தரும் எல்எம்4040 போன்ற தனிச் சில்லை ஏரெஃப் முனையில் இணைக்கலாம். 4.096 வோல்ட் வகையில் ஒரு படி சரியாக 4 மில்லிவோல்ட். அப்போது முதல் அளவை எடுக்கும் முன்பே 'எக்ஸ்டர்னல்' என்று அறிவித்துவிட வேண்டும். மறந்தால் உள் மின்னழுத்தமும் வெளி மின்னழுத்தமும் மோதி சில்லு கருகக்கூடும். இதில் மட்டும் கவனக்குறைவு கூடாது.

அதே 5 வோல்ட்டில் ஒரு தடையோடு சேர்த்து இணைத்த தெர்மிஸ்டருக்கு (வெப்பத்துக்கேற்ப மாறும் தடை) இது எதுவும் தேவையில்லை. அங்கே படிக்கல் தேயும்போது பொருளும் அதே விகிதத்தில் தேய்கிறது. இயல்பான அமைப்பையே விட்டுவிடுங்கள்.

இதற்குப் பிறகும் அளவு துள்ளினால் ரிலேக்களுக்குத் தனி 5 வோல்ட் கொடுங்கள். சென்சாரின் கிரவுண்டு கம்பியை ரிலேக்களின் கம்பியோடு சேர்க்காமல், நேராகப் பலகைக்குத் தனியே இழுங்கள்.