ஃபைப்ரோ வீட்டில் காப்பாற்ற என்ன இருக்கிறது?

கேள்வி: மேற்கு சிட்னியில் 1950-களில் கட்டிய இரண்டு படுக்கையறை ஃபைப்ரோ (ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் தகட்டுச் சுவர்) வீடு எங்களுடையது. எங்கள் தெருவைப் பாரம்பரியப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கக் கவுன்சில் யோசிக்கிறது. தொழிற்சாலைத் தொழிலாளிக்காகக் கட்டிய சின்ன வீட்டுக்கு என்ன பாரம்பரிய மதிப்பு?

பதில்: அழகை மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லைதான். ஆனால் நியூ சவுத் வேல்ஸில் ஓர் இடத்தின் மதிப்பை எடைபோட ஏழு அளவுகோல்கள் உண்டு. அழகு அவற்றில் ஒன்றில் மட்டுமே வருகிறது. உங்கள் வீட்டுக்குப் பொருந்தக்கூடியவை இரண்டு: வரலாற்று முக்கியத்துவம், தன் வகைக்கு நல்ல மாதிரியாக இருப்பது.

போர் முடிந்த நேரத்தில் செங்கல், மரம், கொத்தனார் என எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. வீட்டின் பரப்புக்கே அரசு உச்சவரம்பு வைத்தது. மரச்சட்டம் நிறுத்தி, ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட் தகட்டை ஆணியடித்தால் செங்கல் சுவருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 1945-இல் மத்திய அரசும் மாநிலங்களும் வீட்டுவசதி ஒப்பந்தம் செய்தபின், வீட்டுவசதி ஆணையம் இத்தகைய வீடுகளைத் தெருத்தெருவாகக் கட்டியது. மனை வாங்கி, வார இறுதிகளில் தாங்களே கட்டிக்கொண்ட குடும்பங்களும் ஏராளம். உங்கள் வீடு இதில் எந்த வகை என்பதைப் பொறுத்து அதன் வரலாறு மாறும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரி வீடு தனியாகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறுவது கடினம், ஏனென்றால் இதே போன்றவை நிறையவே இருக்கின்றன. அதன் பலம் வரிசையில்தான். ஒரே கூரைச் சரிவு, ஒரே முன்வெளி, தாழ்ந்த வேலி, ஏறி இறங்கும் பழைய மர ஜன்னல்கள் ஆகியவை தெரு முழுக்க மிஞ்சியிருந்தால் கவுன்சிலின் வாதம் நிற்கும். நடுநடுவே இரண்டு மாடி வீடுகள் முளைத்துவிட்டிருந்தால் தாராளமாக எதிர்த்து எழுதுங்கள்.

கேள்வி: கட்டிய ஆண்டை எப்படி உறுதிசெய்வது?

பதில்: மாநில அரசின் இணைய வரைபடத் தளத்தில் சிட்னியின் 1943 வான்படம் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் உங்கள் மனை காலியாக இருந்தால் வீடு அதற்குப் பின் வந்தது. அடுத்து, கவுன்சிலின் பழைய கட்டட விண்ணப்பப் பதிவேட்டையும் நிலப் பத்திரத் தொடரையும் பாருங்கள். பத்திரத்தில் உரிமையாளராக வீட்டுவசதி ஆணையம் இருந்தால் ஆணையம் கட்டியதா, குடும்பமே கட்டியதா என்பதற்கும் விடை கிடைத்துவிடும். வீட்டின் தற்போதைய பாரம்பரிய நிலை, கவுன்சில் தரும் 10.7 திட்டச் சான்றிதழில் இருக்கும். வாங்கியபோது விற்பனை ஒப்பந்தத்தோடு அது இணைக்கப்பட்டிருக்க வேண்டும். பழையது என்றால் கவுன்சிலில் புதிது கேளுங்கள்.

கேள்வி: வெளிச்சுவர்த் தகடுகளில் விரிசல் விழுந்துவிட்டது. மேலேயே வினைல் பலகை அடித்து மூடலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1990-க்கு முன் கட்டிய எந்த வீட்டுக்கும் இதுதான் பாதுகாப்பான கணிப்பு. நாடு தழுவிய முழுத் தடை 2003 டிசம்பர் 31 அன்றுதான் வந்தது. வினைல் அடிக்க ஒவ்வோர் ஆணியும் தகட்டைத் துளைக்கும், நார் பறக்கும். மூடிய பின் உள்ளே ஈரம் தேங்கினாலும் கண்ணுக்குத் தெரியாது.

முதலில் விரிசலுக்குக் காரணம் தேடுங்கள். மூலையில் கீறல் என்றால் பெரும்பாலும் ஆணி துருப்பிடித்து உப்பியிருக்கும், அல்லது வீட்டைத் தாங்கும் செங்கல் தூண் இறங்கியிருக்கும். தூணைச் சரிசெய்யாமல் தகட்டை மாற்றினால் புதியதிலும் விரிசல் விழும். பூந்தோட்ட மண் தகட்டின் அடிவிளிம்பு வரை ஏறியிருந்தால் உடனே வெட்டித் தள்ளுங்கள். இல்லையென்றால் காற்றுத் துளைகள் அடைபட்டு அடிச்சட்டம் உளுத்துப்போகும். தூண் தலையில் உள்ள கறையான் தடுப்புத் தகரத் தொப்பியும் பார்வைக்கு மறைந்துவிடும்.

சிறு கீறலுக்கு நெகிழும் நிரப்பியும் அக்ரிலிக் வண்ணமும் போதும். மென்மையான துணியால் ஈரமாகத் துடையுங்கள். உயரழுத்த நீர், உப்புத்தாள், மின்துளைக் கருவி மூன்றும் கூடாது. 1970-க்கு முந்தைய வண்ணத்தில் ஈயமும் இருக்கலாம்.

உடைந்த தகட்டை மாற்றியே ஆகவேண்டுமென்றால், நார் உதிராத வகை ஆஸ்பெஸ்டாஸை 10 சதுர மீட்டர் வரை நியூ சவுத் வேல்ஸில் உரிமம் இல்லாமல் அகற்றச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் உரிமம் பெற்றவரை அழைப்பதே நல்லது. இப்போது கிடைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத சிமென்ட் தகட்டைப் பழைய மூட்டுக் கோடுகளிலேயே பொருத்தி, மேலே அதே அகல ரீப்பரை அடியுங்கள். அந்த ரீப்பர் கோடுகள்தான் ஃபைப்ரோ சுவரின் முகம். அவற்றை விட்டுவிட்டால் வீடு தகரக் கொட்டகை மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: பாதுகாப்புப் பகுதியானால் பின்பக்கம் அறை சேர்க்க முடியாதா?

பதில்: முடியும். பொதுவாகக் கவுன்சில்கள் பார்ப்பது தெருவிலிருந்து தெரியும் முகத்தைத்தான். பழைய கூரை முகட்டைவிடத் தாழ்வாக, பின்னால் நீளும் அறைக்கு ஒப்புதல் கிடைக்க வாய்ப்பு அதிகம். விண்ணப்பத்தோடு பாரம்பரியத் தாக்க அறிக்கை கேட்பார்கள். பராமரிப்பும் சிறு வேலைகளும் என்றால் முழு விண்ணப்பம் தேவைப்படாமல் போகலாம். ஆனால் தொடங்குமுன் கவுன்சிலுக்கு எழுதி, எழுத்திலேயே சம்மதம் வாங்கிவிடுங்கள்.