மனை முதலீட்டுப் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா?

தமிழ்நாட்டில் மனை வாங்கி விற்கக் கற்றுத்தருகிறோம் என்று 30,000 ரூபாய் கேட்கிறார்கள், கட்டலாமா என்பது கேள்வி. என்னைக் கேட்டால் வேண்டாம். அடிப்படை விவரமெல்லாம் அரசு இணையதளங்களிலேயே இலவசமாகக் கிடக்கிறது. பதிவுத்துறைத் தளத்தில் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் (அந்த இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) பாருங்கள். பழைய அடமானம் ஒன்று இருந்து, அது தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகவில்லை என்றால், முன்பணம் கொடுக்காமல் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது, லேஅவுட்டுக்கு ரெரா எண் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்) உண்டா என்பதையும் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். தாய்ப்பத்திரத்திலிருந்து, அதாவது சொத்தின் பழைய மூலப் பத்திரத்திலிருந்து, பத்திரங்களை வரிசையாகப் படிக்கத்தான் விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். அதற்கு நல்ல சொத்து வக்கீலுக்குக் காசு கொடுங்கள், தப்பில்லை. அப்புறம், இலவச அறிமுக வகுப்புக்குப் போன இடத்தில் 'எங்கள் லேஅவுட்டில் இன்றே டோக்கன் போடுங்கள்' என்று ஆரம்பித்தால், சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் கிளம்பிவிடுங்கள்.